வீட்டில் போட்டுக்கொண்ட ஊசியை எங்கே போடுவது?

கேள்வி இதுதான்: வீட்டில் அம்மாவுக்கு நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போடுகிறார்கள். இன்சுலின் செலுத்தும் பேனா வடிவக் கருவியிலிருந்து கழற்றிய பேனா ஊசிகளையும், சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட்டுகளையும் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் சேர்த்துவந்திருக்கிறார்கள். பாட்டில் நிறைந்துவிட்டது. அதை அப்படியே குப்பையில் போடலாமா, எரிப்பதா, புதைப்பதா? அம்மாவுக்குத்தான் வேறு எந்தத் தொற்றும் இல்லையே, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

முதலில் அந்தப் பாட்டிலைப் பற்றி. எரிக்க வேண்டாம், புதைக்க வேண்டாம். நல்ல டப்பா கிடைத்துவிட்டது என்று பாட்டிலைத் திறந்து அதில் கொட்டவும் வேண்டாம். நிறைந்த பாட்டிலிலிருந்து ஊசிகளை மாற்றும்போதுதான் பலர் கையைக் குத்திக்கொள்கிறார்கள். மூடியை இறுக்கி, சுற்றி டேப் ஒட்டி, பாட்டிலை முழுசாக அதைவிடப் பெரிய, கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, அதன் மூடியையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வெளியே பெரிய எழுத்தில் 'பயன்படுத்திய ஊசி, திறக்காதீர்கள்' என்று எழுதுங்கள். மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்குகளோடு மட்டும் அது சேரவே கூடாது. யாரிடம் கொடுப்பது என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் பெரும்பாலோர் கேட்பது கடைசிக் கட்டத்தைத்தான்: நிறைந்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவமனைக் கழிவைக் கையாள்வது பற்றிப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்து வேறு. ஊசி தோலிலிருந்து வெளியே வந்த நொடிக்கும் டப்பாவுக்குள் விழும் நொடிக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கால்வாசி விஷயம். அந்த இடைவெளி சில நொடிகளாக இருந்தால் மீதியெல்லாம் எளிது. 'அப்புறம் எடுத்துப் போடலாம்' என்று மேசை மேல், ஜன்னல் ஓரத்தில், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், எவ்வளவு நல்ல டப்பா இருந்தாலும் பயனில்லை.

அதற்குமுன் 'தொற்றே இல்லையே' என்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்குத் தொற்று இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். குப்பையைப் பிரிக்கும்போது கையில் குத்திக்கொண்ட தூய்மைப் பணியாளருக்கு அது தெரியாது. அது யாருடைய ஊசி, என்றைக்குப் போட்டது, இன்சுலினா வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. அதனால் அவர் மருத்துவரிடம் போக வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், சில வாரம் கழித்தும் சில மாதம் கழித்தும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். சிலருக்குத் தடுப்பு மருந்தும் தொடங்க வேண்டிவரும். கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தாலும், அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் அவர் படும் பயம் நிஜம்.

அபாயம் எவ்வளவு என்று கேட்டால், மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்கு, தொற்று உள்ளவரின் புது ரத்தம் பட்ட ஊசி குத்தினால் என்ன ஆகிறது என்பது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. எச்ஐவி பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சிக்கு முன்பு 1.8 சதவீதம் என்றார்கள், பிந்தைய மதிப்பீடு 0.2 சதவீதம் அளவில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பிதான் பெரிய ஆள்: தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை. வெளியே கிடந்து காய்ந்துபோன ஊசியில் இதெல்லாம் இன்னும் குறையும். எச்ஐவி உடலுக்கு வெளியே அவ்வளவு தாக்குப்பிடிக்காது. ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலேயே குறைந்தது 7 நாள் தொற்றும் தன்மையோடு இருக்கும். இன்சுலின் ஊசி மிக மெல்லியது, தோலுக்கு அடியில் மட்டும் போவது, அதில் ரத்தம் ஒட்டுவது குறைவு என்பதும் உண்மை.

லான்செட் அப்படி இல்லை. அதன் வேலையே ரத்தம் வரவைப்பதுதான். 'இது சும்மா குண்டூசி மாதிரி' என்று அதை நேராகக் குப்பைக்கூடையில் போடுகிறவர்கள் நிறைய. முதியோர் இல்லங்களில் விரல் குத்தும் கருவியை ஒருவருக்கொருவர் மாற்றிப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவங்கள் அமெரிக்காவில் பலமுறை பதிவாகியிருக்கின்றன. ஆகவே இன்சுலின் ஊசிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை லான்செட்டுக்கும் தர வேண்டும்.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

ஊசிகளுக்கென்றே தயாரித்த டப்பாக்கள் இருக்கின்றன. கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே போட மட்டும் வசதியான வாய், ஒருமுறை அழுத்திப் பூட்டினால் திறக்காத மூடி, இதுவரைதான் நிரப்பலாம் என்று காட்டும் கோடு. மருந்துக்கடை, மருத்துவக் கருவிகள் விற்கும் இடம், நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனை ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பல டப்பாக்களின் வாயில் ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கும். பேனா ஊசியை அதில் மாட்டித் திருகினால் கை படாமலே ஊசி கழன்று உள்ளே விழும். வாங்கும்போது இது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பதிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். திரவச் சலவை சோப்பு வரும் கெட்டியான, உள்ளே தெரியாத பிளாஸ்டிக் டப்பா போதும் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. தேவைப்படும் குணங்கள் என்று பார்த்தால்: ஊசி துளைக்காத சுவர், ஊசி துளைக்காத திருகு மூடி, ஒழுகாத அடிப்பாகம், தட்டினால் கவிழாத நிலை, ஊசி போகும் ஆனால் ஒரு குழந்தையின் கை போகாத அளவுக்கு வாய். கையால் சுவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே குழிந்தால் அது ஆகாது.

இந்தச் சோதனையில் தண்ணீர் பாட்டில் தோற்றுவிடும். மெல்லிய சுவர், மிதித்தால் நசுங்கும், குப்பை வண்டியில் அமுக்கும்போது வெடித்துத் திறக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அது மறுசுழற்சிக்கு உகந்த பாட்டில் போலவே தெரிகிறது. மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக் பெரும்பாலும் மனிதக் கையால் பிரிக்கப்படுகிறது. பாட்டிலைக் கண்டதும் ஒருவர் எடுப்பார், மூடியைத் திறப்பார், கவிழ்ப்பார். நல்ல எண்ணத்தோடு ஊசியைப் பாட்டிலில் போட்டவர் அதை நேராக ஒருவரின் உள்ளங்கைக்கு அனுப்பிவைக்கிறார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். பால் அட்டை, பிளாஸ்டிக் பை, குளிர்பான டின், கண்ணாடி ஜாடி எதுவும் வேண்டாம். கண்ணாடி உடைந்தால் ஊசியோடு கண்ணாடித் துண்டும் சேர்ந்துகொள்ளும்.

டப்பாவின் முக்கால் பாகம் நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு விதியைத்தான் எல்லோரும் மீறுகிறார்கள். 'இன்னும் பத்து போகும்' என்று குலுக்குவது, மேலே நிற்பதை விரலால் அமுக்குவது, இரண்டுமே குத்து வாங்கும் வழி. நாளுக்கு நான்கு ஊசி என்றால் வருடத்துக்கு 1,460. லான்செட் தனி. இந்தக் கணக்கை வைத்து, ஒரு டப்பா நிறையும் முன்பே அடுத்ததைத் தயாராக வையுங்கள். அடுத்த டப்பா கையில் இல்லாததுதான் நிரம்பி வழிவதற்கு வழக்கமான காரணம்.

டப்பாவை எங்கே வைப்பது என்பதும் டப்பாவைப் போலவே முக்கியம். ஊசி போடும் இடத்திலேயே, உட்கார்ந்தபடி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அம்மா படுக்கையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டால் டப்பா சமையலறையில் இருந்து பயனில்லை. எழுந்து நடக்க வேண்டும் என்றால் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அல்லது கீழே வைக்க வேண்டும். இரண்டும் தவறு. சின்னக் குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால் டப்பாவும் மருந்தும் ஒரே கூடையில் இருக்கட்டும். போடும்போது கூடையைக் கீழே இறக்குவது, முடிந்ததும் உயரமான, பூட்டக்கூடிய அலமாரியில் ஏற்றுவது. இரண்டு இடத்தில் போடும் பழக்கம் இருந்தால் இரண்டு டப்பா வைத்துக்கொள்ளலாம்.

பேனா ஊசியைக் கழற்றும் விதத்தைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். இதில்தான் குழப்பம் அதிகம். மருத்துவமனைகளில் 'ஊசிக்கு மறுபடி மூடி போடாதே' என்பது தாரக மந்திரம் மாதிரி. வீட்டுக்கு வந்தால் பேனாவின் வழிமுறைத் தாளிலோ 'வெளிமூடியை மாட்டித் திருகிக் கழற்றவும்' என்று இருக்கிறது. எது சரி? இரண்டுமே அதனதன் இடத்தில் சரி. பேனா ஊசிக்கு இரண்டு முனை உண்டு. முன்முனை தோலுக்குள் போகிறது. பின்முனை பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியின் ரப்பரைத் துளைக்கிறது. கழற்றியதும் அந்தப் பின்முனையும் வெளியே தெரியும், அதுவும் குத்தும். வெறும் விரலால் திருகுவதைவிட வெளிமூடிக்குள் வைத்துத் திருகுவதுதான் பாதுகாப்பு.

ஆனால் மூடியை ஒரு கையில் பிடித்து, பேனாவை மறு கையில் பிடித்து, இரண்டையும் காற்றில் சேர்க்கக் கூடாது. கை ஒரு இழை நழுவினால் மூடியைப் பிடித்திருக்கும் விரலில் ஊசி ஏறும். பெரிய வெளிமூடியை மேசையில் வாய் மேலே பார்க்க வையுங்கள், அல்லது படுக்க வையுங்கள். மறு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுங்கள். பேனாவை ஒரே கையால் பிடித்து ஊசியை மூடிக்குள் நுழைத்து, மேசை மேல் லேசாக அழுத்துங்கள். மூடி ஊசியைச் சரியாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் இரண்டாவது கை வரலாம். திருகிக் கழற்றி, மூடியோடு சேர்த்தே டப்பாவில் போடுங்கள். ஊசியோடு நேரடியாக ஒட்டியிருக்கும் மெல்லிய உள்மூடியைத் திரும்ப மாட்டவே முயலாதீர்கள். அது ஊசியை எடுத்த உடனே குப்பைக்குப் போக வேண்டியது.

தனக்குத்தானே போட்டுக்கொள்பவர் இந்த வழியைப் பின்பற்றலாம். தன் ஊசி தன்னையே குத்தினால் தொற்றுப் பிரச்சினை இல்லை. மகனோ மகளோ பராமரிப்பாளரோ போடும்போது கணக்கு மாறிவிடுகிறது. அவர்கள் கை படாமல் கழற்ற டப்பாவின் வெட்டுப்பள்ளத்தையோ, ஊசி கழற்றும் சிறு கருவியையோ பயன்படுத்துவது நல்லது. குத்தி எடுத்ததும் தானாக மறைந்துகொள்ளும் பாதுகாப்பு ஊசிகளும் உண்டு. இரண்டு முனையும் மறையும் வகைகூட இருக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் வெளியிலிருந்து வருபவர் ஊசி போடும் வீட்டில் அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைக்கும் பழக்கமும் இருக்கிறது. அடுத்த வேளைக்கு அதே ஊசி ஆகுமே என்ற எண்ணம். ஊசி மாட்டியபடி இருந்தால் குப்பிக்குள் காற்று போகும், மருந்து கசியும், அடுத்த முறை அளவு தவறலாம். ஒரே ஊசியை மறுபடி மறுபடி பயன்படுத்தினால் முனை மழுங்கி வலி கூடும், தோலுக்கடியில் கட்டி கட்டும் வாய்ப்பும் கூடும். செலவு காரணமாகத்தான் பலர் இப்படிச் செய்கிறார்கள் என்பது தெரியும், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் இதனால் கழிவு குறையும் என்று சொல்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: மூடியைத் திரும்பத் திரும்ப மாட்டும் ஒவ்வொரு முறையும் குத்து வாங்க ஒரு வாய்ப்பு.

மற்ற சாதனங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சாதாரண சிரிஞ்சாக இருந்தால் மூடி போடாமல், ஊசியைக் கழற்றாமல், முழுசாக டப்பாவில் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி போல மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சுகள் பலவற்றில், போட்டு முடித்ததும் கடைசிவரை அழுத்தினால் ஒரு உறை வந்து ஊசியை மூடும். உறை மூடினாலும் அது டப்பாவுக்குத்தான். வாரம் ஒருமுறை போடும் தானியங்கிப் பேனாக்களில் ஊசி கண்ணுக்கே தெரியாது. அதனால் பலர் அதைப் பிளாஸ்டிக் குப்பை என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் உள்ளே ஊசி இருக்கிறது, பிரித்துப் பார்க்காமல் முழுசாக டப்பாவில் போடுங்கள். தோலில் ஒட்டும் சர்க்கரை அளவி மாட்டினீர்களா? அதைப் பொருத்தும் கருவிக்குள்ளும் ஊசி உண்டு. அளவீட்டுத் துண்டை எடுத்துவிட்டுக் கருவியை வெறுமனே தூக்கிப்போடக் கூடாது. இன்சுலின் பம்பின் செருகு ஊசி, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களின் பெரிய ஊசிகள், குழாயோடு வரும் பட்டர்ஃபிளை ஊசி எல்லாம் இதே வகை. டயாலிசிஸ் ஊசியில் ரத்தம் நிறைய இருக்கும், அதற்குப் பெரிய வாய் உள்ள டப்பாவே சரி.

டப்பாவில் போடத் தேவையில்லாதவையும் இருக்கின்றன. பஞ்சு, சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப், கையுறை, ஊசி கழற்றிய காலிப் பேனா ஆகியவற்றை ஒரு பையில் கட்டிச் சாதாரணக் குப்பையில் போடலாம், உங்கள் ஊரில் வேறு விதி இல்லாவிட்டால். இதையெல்லாம் ஊசி டப்பாவில் அடைத்தால் அது சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். ஒரே ஒரு விதிவிலக்கு: மெத்தோட்ரெக்சேட் போன்ற செல்களைக் கொல்லும் வகை மருந்தை வீட்டில் போட்டுக்கொள்பவர்கள் அந்த ஊசிகளைத் தனி டப்பாவில் வைக்க வேண்டும். அந்தக் கழிவு பொதுவாக எரிசூளைக்குத்தான் போக வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே ஊதா மூடி போட்ட டப்பா கொடுக்கிறார்கள். மருந்து கொடுத்த இடத்திலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது பலரும் கேட்கும் கடைசிக் கட்டம். மூடிய டப்பாவை யாரிடம் கொடுப்பது?

இதற்கு உலகம் முழுவதற்குமான ஒரே பதில் கிடையாது. நாட்டுக்கு நாடு, சில சமயம் ஊருக்கு ஊர் மாறும். எவ்வளவு மாறும் என்று சில உதாரணங்கள் சொல்கிறேன். பிரான்சில் ஊசி, கருவி தயாரிப்பவர்களே செலவை ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது. டாஸ்ட்ரி என்ற அமைப்பு நடத்துகிறது. மருந்துக்கடையில் டப்பா இலவசம், நிறைந்ததைக் குறிப்பிட்ட சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவர் சீட்டிலேயே டப்பாவை எழுதித் தருவார். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: கலிபோர்னியாவில் 2008 செப்டம்பர் முதல் வீட்டு ஊசியைக் குப்பைத்தொட்டியில் போடுவதே சட்டவிரோதம், மாசசூசெட்ஸில் 2012இல் அதே தடை வந்தது, வேறு பல மாநிலங்களிலோ கெட்டியான டப்பாவில் மூடி ஒட்டிக் குப்பையில் போட அனுமதி உண்டு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் பழைய பேட்டரி, காலாவதி மருந்து ஆகியவற்றோடு சேர்த்து 'வீட்டு அபாயக் கழிவு' என்று வகைப்படுத்தின. அதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், உள்ளாட்சி அமைப்பு அதற்குச் சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்பது அந்த விதிகள் ஏட்டில் சொன்ன ஏற்பாடு. உங்கள் பகுதியில் அந்த மையம் நடக்கிறதா என்பது தனிக் கதை.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதலில், ஊசியை எழுதிக்கொடுத்த மருத்துவமனையையோ நீரிழிவு மருத்துவகத்தையோ கேளுங்கள். மருத்துவமனைகள் தங்கள் கூர்மையான கழிவை ஏற்கெனவே உரிய நிறுவனத்திடம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. மூடி ஒட்டிய ஒரு டப்பாவைச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய சுமை இல்லை. வரவேற்பில் கேட்டால் 'அதெல்லாம் வாங்க மாட்டோம்' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும், ஏனென்றால் அங்கிருப்பவருக்கு இது தெரியாது. ஊசி போடும் அறையின் செவிலியரையோ நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரையோ கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுவரலாமா என்று கேட்டால் சம்மதிக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்து மருந்துக்கடை. அப்புறம் உள்ளாட்சி அமைப்பின் அபாயக் கழிவு மையம். சில நாடுகளில் தபாலில் திருப்பி அனுப்பும் பெட்டிகளும் விற்கிறார்கள். பெட்டியின் விலையிலேயே அனுப்பும் செலவும் அழிக்கும் செலவும் அடக்கம்.

இதில் எதுவுமே இல்லாத இடங்கள் நிறைய. அங்கே என்ன செய்வது? சட்டம் தடுக்காவிட்டால், கெட்டியான டப்பாவில், மூடி ஒட்டி, எழுதி, மறுசுழற்சிக்குப் போகாத குப்பையோடு கொடுங்கள். பையின் அடியில் மறைத்து வைக்காதீர்கள். குப்பை எடுக்க வருபவரின் கையில் தனியாகக் கொடுத்து, உள்ளே ஊசி இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். இது முழுமையான தீர்வு இல்லைதான். ஆனால் பல வருட ஊசிகளை வீட்டில் மூட்டை கட்டி வைத்திருப்பதைவிடவும், சிதறவிடுவதைவிடவும் இது எவ்வளவோ மேல். நல்ல வழி கிடைக்கும்வரை காத்திருக்கிறேன் என்று அலமாரி நிறைய சேர்த்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வீடு மாறும்போது யாரோ ஒருவர் தெரியாமல் அதைத் தூக்குவார்.

வீட்டிலேயே அழித்துவிடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். முதலில் எரிப்பது. ஊசி துருப்பிடிக்காத எஃகு. அது உருக 1,400 டிகிரி செல்சியஸ் போல வேண்டும். வீட்டு நெருப்பில் பிளாஸ்டிக் மட்டும் எரிந்து நச்சுப் புகை வரும், சாம்பலுக்குள் ஊசி கூர் குறையாமல் அப்படியே கிடக்கும். மருத்துவக் கழிவு எரிசூளைகளிலேயே புகையை இரண்டாவது அறையில் மறுபடி மிக அதிக வெப்பத்தில் எரிப்பது டயாக்சின் போன்ற நச்சுகளைக் குறைக்கத்தான். புதைத்தால் மழையிலோ தோண்டும்போதோ மேலே வரும். கழிவறையில் போட்டால் குழாய் அடைக்கும், அடைப்பை எடுப்பவரின் கையில் ஏறும்.

ப்ளீச்சில் ஊறவைப்பது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஆய்வகத்தில் ப்ளீச் வைரஸைக் கொல்லும் என்பது சரிதான். ஆனால் மயிரிழை அளவுள்ள ஊசித் துளைக்குள் அது முழுதாகப் போகுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரத்தமும் மருந்தும் சேர்ந்தால் குளோரினின் வீரியமும் குறையும். கிருமி செத்தாலும் கூர் சாகாது. மேலும் ஊசி நிறைந்த டப்பாவில் திரவத்தையும் ஊற்றினால், எடுத்துச் செல்லும்போது கொட்டும், தெறிக்கும். வேண்டவே வேண்டாம்.

ஊசியை வளைப்பது, இடுக்கியால் ஒடிப்பது, கத்தரியால் வெட்டுவது எல்லாம் கையைக் குத்திக்கொள்ளும் வழிகள், வெட்டிய துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. ஊசி முனையை வெட்டி உள்ளேயே அடைத்துக்கொள்ளும் சிறு கருவி விற்பனையில் உண்டு. பயணத்துக்கு நல்லது, ஆனால் அதில் லான்செட்டைப் போட முடியாது, வெட்டிய சிரிஞ்சின் உடலையும் உங்கள் ஊர் விதிப்படிதான் அப்புறப்படுத்த வேண்டும். சிமென்ட் ஊற்றி மூடுவது என்றொரு முறை நிஜமாகவே இருக்கிறது. கழிவு அழிக்கும் வசதி எட்டாத இடங்களில் சுகாதார நிலையங்கள் கடைசி வழியாகச் செய்வது அது. வீட்டுக்குத் தேவையில்லை.

சரியான இடத்துக்குப் போனால் டப்பாவுக்கு என்ன நடக்கும்? பெரும்பாலும் ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியிலோ அதற்கும் மேலான வெப்பத்திலோ கிருமி நீக்கி, பிறகு இயந்திரத்தில் பொடியாக்குவார்கள், அல்லது எரிசூளையில் எரிப்பார்கள். கூர்முனையையும் கிருமியையும் சேர்த்து அழிக்க இந்த அளவு இயந்திரம் வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் யாருக்காவது குத்திவிட்டால்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காயத்தைப் பிதுக்குவது, வாயால் உறிஞ்சுவது, ப்ளீச்சோ ஸ்பிரிட்டோ ஊற்றுவது வேண்டாம். பிறகு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை இது. எச்ஐவிக்கான தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவுசெய்தால் அதைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியே ஆக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவரா, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார்கள். யாருடைய ஊசி என்பது தெரிந்தால் அதைச் சொல்லுங்கள், மருத்துவரின் முடிவு பெரும்பாலும் அதைப் பொறுத்தது. ஊசியையே பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டாம், அதைச் சோதித்துப் பயனுள்ள பதில் கிடைப்பதில்லை. ஊசி போட்டுவிடும் பராமரிப்பாளருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இல்லை என்றால், குத்து விழும்வரை காத்திருக்காமல் இப்போதே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வெளியூர் போகும்போது சின்னதாக ஒரு கெட்டி டப்பா பையில் இருக்கட்டும். விடுதி அறைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வராதீர்கள். அதை மாற்றுபவர் கையால்தான் பையைப் பிடித்து இழுப்பார். பயன்படுத்தியவற்றைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டு டப்பாவிலேயே, சிறு டப்பாவைத் திறக்காமல், போடும்படி அளவு பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சூழ்நிலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை: சிகிச்சை மாறும்போதோ, ஊசி போட்டுக்கொண்டவர் காலமாகிவிட்டாலோ மிச்சமாகும் ஊசிகள். உறை பிரிக்காதவை என்றாலும் வெறுமனே குப்பையில் கொட்டக் கூடாது. குப்பையில் கிடக்கும் ஊசியைப் பார்ப்பவருக்கு அது புதிதா பழையதா என்று தெரியாது, குத்தினால் அவருக்கும் அதே பரிசோதனை, அதே பயம்தான். பெட்டி பிரிக்காமல் இருந்தால் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பிரித்ததும் பாதி தீர்ந்ததும் உங்கள் டப்பாவிலேயே போகட்டும். படுக்கைக்கு அடியில், கைப்பையில், பிரிட்ஜ் கதவில், சட்டைப் பையில் தனியாக ஒன்றிரண்டு கிடக்கக்கூடும். கடைசி டப்பாவை மூடி ஒட்டுவதற்கு முன் அங்கெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.